புல்லுக்கு லீவு விட்ட மகனுக்கு

மாமனார் வூட்டு மாப்பிள்ளையே,

நேற்று போனில் நான் சிரித்தது தப்புதான். ஆனால் நீ சொன்னதும் அப்படி. அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம், மலையை மேய்ச்சலுக்குப் பிரிப்பதைப் பற்றி உன்னைத்தான் பேசச் சொல்லி உன் மாமனார் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார், அதனால் அன்றைக்குப் பல் பிடுங்கத் தர்மபுரிக்குப் போகப் போவதாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ளப் போகிறாய் என்றாய். எந்தப் பல் என்று கேட்டேன். "ஏதாவது ஒரு பல்லும்மா" என்றாய். கூட்டத்தில் வாயைத் திறக்கப் பயந்து பல் டாக்டரிடம் போகிற ஆளை இந்த ஜில்லாவில் நான் பார்த்ததில்லை. அங்கே போனாலும் வாயைத் திறக்கத்தானே சொல்வார்கள்? சிரித்துவிட்டேன். நீயும் வைத்துவிட்டாய். போனில் என் வாய் அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி துள்ளும்; எழுதினால் கொஞ்சம் கட்டுப்பட்டு நடக்கும் என்றுதான் பேனாவை எடுத்தேன். உங்கப்பா எட்டிப் பார்த்து, என்ன, சொத்து எழுதுகிறாயா என்று கேட்டார். ஆமாம், மலையைத்தான் எழுதி வைக்கிறேன் என்றேன். "அது பொறம்போக்குடி" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டு மூக்கைச் சிந்தும் அம்மாக்களை இந்த ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன். பையனைக் கட்டிக்கொடுத்தவள் நான் ஒருத்திதான். கல்யாணத்தன்று உன்னைக் கம்பைநல்லூர் தாண்டி அந்த ஊரில் இறக்கிவிட்டு வேனில் திரும்பி வரும்போது, நம் பக்கத்து வீட்டு ராஜம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அழுதுடு, மனசுல வெச்சிக்காத" என்றாள். அழத்தான் நினைத்தேன். ஆனால் பின்சீட்டில் இருந்த பயல்கள் உனக்கு 'மாட்டு மாப்பிள்ளை' என்று பட்டம் வைத்திருந்தார்கள். ஒற்றைப் பெண், அப்பாவுக்கு முட்டி வலி, மாடு நிறைய, அதனால் மருமகனே அங்கே வந்துவிடட்டும் என்று அவர்கள் கேட்டது நியாயம்தான். நீ சரி என்றதும் நியாயம்தான். இப்போது ஆடி பிறந்திருக்கிறது. ஆடிக்குப் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைப்பார்கள். உன் பெண்டாட்டி தாய்வீட்டிலேயே இருக்கிறாள், அவளை எங்கிருந்து எங்கே அழைப்பது? யோசித்துப் பார்த்தால் தலை ஆடிக்கு அழைக்க வேண்டியது உன்னைத்தான். சேலை எடுப்பதா வேட்டி எடுப்பதா என்று உங்கப்பாவிடம் கேட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

விளையாட்டு போகட்டும். நீ பயப்படுவது எதற்கு என்று எனக்குத் தெரியும். வந்து குடியேறியவன், அதிலும் பெண் வீட்டில் சாப்பிடுகிறவன், பரம்பரையாக அந்த மலையில் மாடு விட்டவர்களிடம் போய் இந்த இடத்தில் விடாதே என்று சொன்னால், இவன் யார் சொல்வதற்கு என்றுதான் கேட்பார்கள். கேட்கட்டும். நானும் ஒரு காலத்தில் இந்த ஊருக்கு வந்தவள்தான். இத்தனை வருஷமாகியும் எனக்கு இங்கே பெயர் 'இண்டூர்க்காரி'. இண்டூரில் எங்கள் வீட்டு மாடு கயிற்றில் நிற்கும், வரப்புப் புல் தின்னும், தொட்டித் தண்ணீர் குடிக்கும். இங்கே வந்து பார்த்தால் ஊர் மாடு முழுக்க ஒரே மந்தை, நாளைக்கு ஒரு வீட்டுக்காரர் முறை வைத்து மலைக்கு ஓட்டிப் போகிறார்கள். கல்யாணமான புதிதில் நம் வீட்டு முறை வந்தது. உங்கப்பாவுக்குக் காய்ச்சல். நானே போகிறேன் என்று வீறாப்பாகக் கிளம்பிவிட்டேன். காலையில் ஓட்டிப் போன மாட்டை எண்ணிக்கொண்டேன், சாயங்காலம் இறங்கும்போது எண்ணினேன், ஒன்று அதிகமாக இருந்தது. குறைந்தால்தானே குற்றம், கூடினால் என்ன என்று எல்லாவற்றையும் ஊருக்குள் ஓட்டி வந்துவிட்டேன். மறுநாள் மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தர், மாட்டைத் தேடித் தேடி முகம் வீங்கி வந்து நின்றார். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "இண்டூர்க்காரி சீதனம் கொண்டாந்துட்டா" என்று பொங்கல் வரைக்கும் சொன்னார்கள். ஆனால் அதற்கு அப்புறம்தான் பெண்கள் என்னோடு உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். நம்மைப் பார்த்து ஒரு முறை நன்றாகச் சிரித்துவிட்டவர்களுக்கு நம்மேல் கொஞ்சம் உரிமை வந்துவிடுகிறது. நீ அந்த ஊரில் இன்னும் யாரையும் சிரிக்க வைக்கவில்லை, அதுதான் உன் சிக்கல். முகத்தைப் பஞ்சாயத்துத் தலைவர் மாதிரி வைத்துக்கொண்டு திரிவதாக உன் பெண்டாட்டியே சொன்னாள்.

இங்கே நீ ஆரம்பித்தபோதும் சிரித்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? ஓசூர்க் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து, இரண்டு மாடு பிடித்து, முறைக்கு மலையேறின புதிது. ஒருநாள் இறங்கி வந்து, உச்சியில் செல்போன் டவர் இருக்கிறதே, அதைச் சுற்றிக் கம்பி வேலி போட்டிருக்கிறார்களே, அந்த வேலிக்கு உள்ளே மட்டும் கொழுக்கட்டைப்புல் இடுப்பளவு நிற்கிறது, வெளியே வெறும் கல்லும் உண்ணிச்செடியும்தான் என்றாய். உங்கப்பா, டவருக்குள்ளே சிக்னல் நல்லா இருக்கும், அதனால் புல் நல்லா வளரும் என்றார். நான்தான் இந்த வீட்டில் கிண்டல்காரி என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நீ சிரிக்கவில்லை. அதே மண், அதே மழை, மாட்டு வாய் படாததால் மட்டும் புல் பிழைத்திருக்கிறது என்றாய். மழை விழுந்து முளை தலைகாட்டின உடனே ஊர் மாடு மொத்தமும் ஏறி எல்லாச் சரிவையும் ஒரே சமயத்தில் நக்கித் தீர்த்துவிடுவதால்தான் புல்லுக்கு வேர் பிடிக்கவும் விதை கட்டவும் நேரமே இல்லை, மாசி பிறக்கும்போது மலை மொட்டையாகிவிடுகிறது, மாடு விலா எலும்போடு இறங்கி வருகிறது. மலையை மூன்றாகப் பிரித்து, வருஷத்துக்கு ஒரு பங்கை மழைக்காலம் முழுக்க மூடி வைத்து, விதை விழுந்த பிறகு திறக்கலாம் என்றாய். டீக்கடையில் இதைச் சொன்ன அன்றே, புல்லுக்கு லீவு விடுகிறானாம், சம்பளத்தோடா சம்பளம் இல்லாமலா என்று கேட்டார்கள். 'புல்லுப் புள்ள' என்றார்கள். நான் பெற்ற பிள்ளைக்கு ஊரே பேர் வைத்தது.

கிழக்குச் சரிவை மூடுவது என்று எப்படியோ ஒத்துக்கொண்டார்கள். மாடு ஏறக்கூடிய வழி அங்கே ஒன்றே ஒன்று, இரண்டு பெரிய பாறைக்கு நடுவில். நீ பாறையில் சிவப்புப் பெயிண்ட் அடித்தாய். மறுவாரம் அந்தப் பாறையில் யாரோ ஒரு அம்புக்குறியைப் போட்டு வைத்தார்கள், மாடுகளே இந்தப் பக்கம் வாங்க என்கிற மாதிரி. முள் வெட்டிப் போட்டாய், அது அடுப்புக்குப் போயிற்று. அப்புறம்தான் நீ உன் பெரியப்பாவிடம் போனாய். மாரியம்மன் கோயில் பூசாரி, உங்கப்பாவுக்கு அண்ணன், எனக்கு அவரைப் பார்த்தால் மட்டும் வாய் கொஞ்சம் அடங்கும். ஊர் எதற்குக் கட்டுப்படும் என்று யோசித்து, மாரியம்மன் திருவிழா நோம்பிக்குக் காப்புக் கட்டுவது போல மலைக்கும் கட்டிவிடுங்கள் என்று கேட்டாய். அவரும் ஆடி வெள்ளியில் மேளத்தோடு ஏறி, அந்த இரண்டு பாறைக்கும் குறுக்கே மஞ்சள் கயிறு கட்டி, வேப்பிலைக் கொத்துச் செருகி, ஆத்தா பேரில் காப்புப் போட்டார். தை நோம்பி முடிந்து கோயிலில் காப்பு அவிழ்க்கும்போது இதையும் அவிழ்ப்பது என்று பேச்சு. வெள்ளிக்கு வெள்ளி பழைய தழையை எடுத்துவிட்டுப் புதுத் தழை செருகிவிட்டு வருவார். முள்ளுக்கும் பெயிண்டுக்கும் அடங்காத ஊர், ஒரு மஞ்சள் கயிற்றுக்கு முன்னால் மாட்டைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போனது. புரட்டாசியில் நான் ஏறிப் பார்த்தேன். சரிவு முழுக்கப் பச்சை, காற்றடித்தால் ஆறு ஓடுகிற மாதிரி. என் வாழ்க்கையில் கிண்டல் பண்ண எதுவும் தோன்றாத நாள் அது.

அப்புறம் நடந்ததை நீ இப்போது மனதில் வைத்துக்கொண்டுதான் பல்லைப் பிடுங்கப் போகிறாய். அதனால் அதை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். தை வந்தது. பங்காளி வீட்டில் ஒரு சாவு, தீட்டு, நோம்பி தள்ளிப் போயிற்று. தீட்டு கழிந்ததும் கரகம் மேலத்தெரு முதலில் எடுப்பதா கீழத்தெரு முதலில் எடுப்பதா என்று சண்டை வந்தது. மாசியும் வந்துவிட்டது. நோம்பி இல்லை, அதனால் காப்பு அவிழவில்லை, அதனால் சரிவு திறக்கவில்லை. அங்கே புல் விதையைக் கொட்டிவிட்டு, முற்றி, மஞ்சளாகி, குச்சியாகி நின்றது. ஒரு பீடித் துண்டு விழுந்தால் மலையே பந்தம். இந்தப் பக்கம் ஊர் மாடு மொத்தமும் மீதி இரண்டு பங்கில் நெருக்கியடித்து, அங்கே வேரைக்கூடத் தோண்டித் தின்றுவிட்டன. மாடுகள் அந்தக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் வந்து நின்று, உள்ளே பார்த்துக்கொண்டே நிற்கும். அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று நீ சாப்பிடவில்லை.

பெரியப்பாவிடம் நீ பேசினபோது நானும் கோயில் வாசலில் இருந்தேன்.

"பெரியப்பா, புல்லு முத்திப் போச்சுங்க. இன்னும் நின்னா வெறுங்குச்சிதான். அவுத்துடலாங்க."

"கட்டுனது நானாடா? ஆத்தா பேர்ல கட்டுனது. நோம்பி சாட்டி, கரகம் எடுத்து, அதுக்கப்புறந்தான் அவுக்கறது. நடுவுல அவுத்து ஊருக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நீ வந்து பதில் சொல்லுவியா?"

அவர் சொன்னதிலும் தப்பில்லை. அவர் வேலை அது. ஊருக்குள் பேச்சு மாறிவிட்டது. மழைக்காலத்தில் உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டவர்கள், புல்லைச் சாமியாக்கிவிட்டான், இனி கும்பிடத்தான் முடியும், மேய்க்க முடியாது என்றார்கள். ராஜம்மாவின் கறவை மாடு ஒருநாள் காலையில் எழுந்திருக்கவில்லை. நாலு பேர் சேர்ந்து தூக்கி நிறுத்தினோம். கம்பைநல்லூர் வியாபாரிக்குச் சொல்லி அனுப்பிவிட்டதாகவும், வெள்ளிக்கிழமை வந்து ஓட்டிக்கொண்டு போவான் என்றும் அவள் சொன்னாள். பிள்ளைகளைப் படிக்க வைத்த மாடு அது. நீ அவள் வீட்டு வாசலில் நின்று, இந்த மாடு போச்சுன்னா புல்லைப் பத்தி இனி நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று எங்களுக்கு முன்னால் சொன்னாய். "பேடப்பா, அப்படிச் சொல்லாத" என்றாள். மனசு கனத்தால் அவளுக்கு அவங்க வீட்டுக் கன்னடம் வந்துவிடும்.

அவள்தான் வழி கண்டுபிடித்தாள். மறுநாளே பெரியப்பாவிடம் போய் நின்றாள்.

"பூசாரிங்களே, நோம்பியத் தள்ளி வெச்சது நீங்க. கரகத்துக்குச் சண்ட போட்டது தெருவு. ஆத்தாள யாராவது ஒரு வார்த்த கேட்டீங்களா?"

பெரியப்பா கையிலிருந்த விபூதித் தட்டைக் கீழே வைத்தார். அப்புறம், கேட்டுடலாம் என்றார். ஆத்தாவைக் கேட்பது என்றால் நம் பக்கம் எப்படி என்று உனக்குத் தெரியும்: கிடாயை நிறுத்தி, மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள், அது தலையிலிருந்து வால் வரைக்கும் உடம்பைச் சிலிர்த்துத் துலுக்கினால் உத்தரவு. துலுக்காவிட்டால் இல்லை. கோயிலில் செய்வதை அன்றைக்கு மலையில், அந்தப் பாறைக்கு முன்னால் செய்தார்கள். கிடாய் ராஜம்மாவுடையது. அவளும் நானும்தான் அதை ஓட்டிக்கொண்டு ஏறினோம்.

ஊர் பாதி அங்கே நின்றது. பெரியப்பா தண்ணீர் தெளித்தார். கிடாய் துலுக்கவில்லை. இன்னும் தெளித்தார். அது எங்களை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தது. காதை மட்டும் ஆட்டியது, காது கணக்கில் வராது. கூட்டத்தில் முணுமுணுப்பு ஆரம்பித்தது. நீ தலையைக் குனிந்துகொண்டாய். அந்த நேரம் பார்த்துக் கிடாய் இரண்டு எட்டு முன்னால் வைத்து, கழுத்தை நீட்டி, காப்பில் செருகியிருந்த வேப்பிலைக் கொத்தைக் கவ்வி இழுத்தது. வெயிலிலும் மழையிலும் நைந்து போயிருந்த மஞ்சள் கயிறு பட்டென்று அறுந்தது. காப்பு அறுவது நல்லதா கெட்டதா என்று யாருக்கும் தெரியவில்லை, பெரியப்பாவுக்கும் தெரியவில்லை. கிடாய் மட்டும் நிதானமாகத் தழையைத் தின்று முடித்தது. முடித்துவிட்டு, கழுத்தில் ஆரம்பித்து வால் நுனி வரைக்கும் ஒரு துலுக்குத் துலுக்கியது பார், பக்கத்தில் நின்றவர்கள் மேலெல்லாம் மஞ்சள் தண்ணீர்.

"ஆத்தா அவளே அவுத்துக்கிட்டா" என்றார் பெரியப்பா. ராஜம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அந்தக் கிடாய்க்கு முதல் நாள் சாயங்காலத்திலிருந்து தழை போடவில்லையா என்று என்னிடம் நீ கேட்டாய். அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன், ராஜம்மா மறந்துவிட்டாளாம். வீடு நிறைய ஆடு வைத்திருப்பவள் ஆட்டுக்குத் தழை போட மறப்பாளா என்று நீ திரும்பவும் கேட்டாய். மனுஷி மறப்பாள், கண்ணு. ஆத்தா வேண்டாம் என்று நினைத்திருந்தால் பசித்த ஆட்டையும் நிறுத்தி வைக்க அவளுக்குத் தெரியாதா? நான் இவ்வளவுதான் சொல்வேன்.

சரிவு திறந்துவிட்டது, ஆனால் அதோடு எல்லாம் நேராகிவிடவில்லை என்பதையும் நீ மறக்கக் கூடாது. புல் கிழடாகிவிட்டது. மாடுகள் அடிப்பக்கத்து இலையை மட்டும் தேடித் தேடித் தின்றன, ஊசிப்புல் குத்தி வாய் புண்ணானதும் உண்டு. ராஜம்மாவின் மாடு விற்காமல் தப்பித்தது, அவ்வளவுதான். மீதி நின்ற குச்சியை எல்லாம் தீ வைத்துவிடலாம் என்றார்கள். நீதான், வேண்டாம், அறுத்து, மொட்டையாகிப் போன மற்ற இரண்டு சரிவிலும் பரப்பலாம் என்றாய். பரப்பினோம். யாரும் பெரிதாக நம்பவில்லை. அடுத்த மழைக்கு, அந்தக் காய்ந்த குச்சிக்கு அடியிலிருந்து, அதிலிருந்து உதிர்ந்த விதை முளைத்து வந்தது. மொட்டைத் தலையில் முடி முளைத்தது போல இருக்கிறது என்று உங்கப்பா தன் தலையைத் தடவிக்கொண்டார்.

அதற்கு அடுத்த வருஷம் என்ன செய்தோம்? காப்பை விடவில்லை. அவிழ்ப்பதை மட்டும் நோம்பியிலிருந்து பிரித்துவிட்டோம். பெரியப்பா வெள்ளிக்கிழமை தழை மாற்றப் போகும்போது தெருவுக்கு ஒரு பெண் கூடப் போவது, புல் கதிரைப் பிடித்து உருவிப் பார்ப்பது, விதை உள்ளங்கையோடு வந்துவிட்டால் அந்த வாரமே அவிழ்ப்பது. வரவில்லை என்றால் அடுத்த வாரம். பெரியப்பா ஒத்துக்கொள்வார் என்று நான் நினைக்கவில்லை. அவரோ முதல் தடவை விதையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, ஆத்தா புல்லிலும் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டார். திறந்த பிறகும், கணுக்கால் உயரத்துக்கு அடிப்புல் மிச்சம் இருக்கும்போதே மாட்டை அடுத்த பங்குக்கு நகர்த்திவிடுவது என்று நீ சொன்னதையும் பிடித்துக்கொண்டார்கள். அதற்குக் குச்சி, டேப்பு எதுவும் இல்லை. முறைக்குப் போகிறவர் புல்லில் நிற்க வேண்டும், செருப்பு வார் மறைந்தால் மேயலாம், தெரிந்தால் கிளம்பலாம். செருப்பில்லாமல் போகிற உங்கப்பா முறை வரும்போது மட்டும் ஊரில் கொஞ்சம் கவலை.

இப்போது உன் ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மூடுவதை உன்னால் பேச முடியும், அது உனக்குக் கைவந்தது. அங்கே போய் முதலில் திறப்பதைப் பேசு. எப்போது திறப்போம், யார் பார்த்துச் சொல்வது, ஒரு வருஷம் மழை பொய்த்தால் என்ன செய்வது என்பதை மூடுவதற்கு முன்னாலேயே அவர்கள் வாயால் சொல்ல வை. வயிற்றில் அடிக்கப் போகிறான் என்கிற பயம்தான் முதலில் கத்துகிறது. கதவு திறக்கும் நாள் தெரிந்துவிட்டால் பாதிப் பேர் உட்கார்ந்துவிடுவார்கள். இன்னொன்று, நம் காப்பைத் தூக்கிக்கொண்டு அங்கே போகாதே. நம் ஊர் மஞ்சள் கயிற்றுக்குக் கட்டுப்பட்டது. அந்த ஊர் எதற்குக் கட்டுப்படும் என்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. உன் பெண்டாட்டிக்குத் தெரியும். அவளைக் கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய், உங்கப்பா மகன்தானே. அந்த மலையில் அவள் சின்ன வயதிலிருந்து மாடு ஓட்டியிருக்கிறாள். கூட்டத்தில் பெண்கள் பேசுவது வழக்கமில்லை என்று மாமனார் சொல்வாரானால், மாப்பிள்ளை மாமனார் வீட்டில் இருப்பதும்தான் வழக்கமில்லை, அதுவே நடக்கிறது என்று நான் சொன்னதாகச் சொல். கோபித்துக்கொள்ள மாட்டார், முட்டிவலிக்காரர், துரத்திக்கொண்டு வரமுடியாது.

இவன் யார் என்று எவனாவது கேட்டால், நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார். சிரிப்பார்கள். அப்புறம் நாலு நாள் மந்தையோடு போ, பேசாமல் போ. ஒரு மாடு கூடுதலாக ஓட்டி வந்தாலும் பரவாயில்லை. இந்த வருஷமே நடக்க வேண்டும் என்று இல்லை. சின்ன மூலை ஒன்றை மட்டும் மூடிக் காட்டினாலும் போதும், நம் ஊருக்கு ஒரு டவர் வேலி காட்டியது மாதிரி. நடக்காமல் போனாலும் நீ அந்த ஊர் மனுஷனாகிவிடுவாய். ஒளிந்துகொண்டால் எப்போதும் விருந்தாளிதான், அதுவும் போகாத விருந்தாளி.

இதையெல்லாம் நேற்றே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் வைத்திருந்தது வேறு ஒன்று. போன வெள்ளிக்கிழமை இங்கே இந்த வருஷத்துக் காப்புக் கட்டினோம், ஓடைச் சரிவுக்கு. உனக்குப் போன் போட்டுச் சொல்லலாமா என்று உங்கப்பா கேட்டார். எல்லோருக்கும் கை நிறைய வேலை இருந்தது, யாரும் போனை எடுக்கவில்லை. மேலத்தெருப் பயல்கள் வழியில் மண்டிக் கிடந்த உண்ணிச்செடியை வெட்டிப் போட்டார்கள். நாங்கள் வேப்பிலை ஒடித்தோம். எந்தப் பங்கு, எத்தனை மாதம், அவிழ்ப்பது எப்படி என்று பேச்சே எழவில்லை. கரகத்துக்கு அடித்துக்கொண்ட இரண்டு தெருவும் வழிக்கு ஆளுக்கொரு பக்கம் நின்று கயிற்றைப் பிடித்தது. கீழத்தெருவில் பாலக்கோட்டிலிருந்து புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் ஒன்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்தது. கயிறு கட்டி முடித்து இறங்கும்போது ராஜம்மாவைக் கேட்டது.

"இது எந்தக் காலத்துலேர்ந்துங்க பண்றீங்க? யாரு ஆரம்பிச்சது?"

ராஜம்மா நடந்துகொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்.

"யாரு ஆரம்பிச்சாங்களோ கண்ணு. எங்கூர்ல இப்படித்தான்."

உன் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அந்தப் பெண் சரி என்று தலையாட்டிவிட்டு, கால் இடறாமல் இருக்க என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கியது.

உன் அம்மா